சூப்பர்சார்ஜர் எஞ்சினில் பூஸ்ட் கேஜை எங்கே இணைப்பது: மினி கூப்பர் எஸ் ஆர்53 காரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுழன்று அதற்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. அப்படித் திணிப்பதால் எழும் கூடுதல் அழுத்தமே பூஸ்ட், அதைக் காட்டும் முள்மானியே பூஸ்ட் கேஜ். பூஸ்ட் கேஜ் வாங்குவது எளிது. அதை டாஷ்போர்டில் பொருத்துவதும் ஒரு மாலை வேலைதான். அதற்கு வரும் மெல்லிய குழாயின் மறுமுனையை எஞ்சினில் எந்த இடத்தில் செருகுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். எஞ்சின் அறையில் ரப்பர் குழாய்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஏதாவது ஒன்றை வெட்டி டி-இணைப்பு போட்டால் முள் அசையத்தான் செய்யும். ஆனால் அசையும் முள் எல்லாம் பூஸ்டைக் காட்டுவதில்லை. சூப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினில், வெற்றிடத்தை (அதாவது வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தத்தை) மட்டுமே அறிந்த குழாய்களும், பூஸ்டை மட்டுமே அறிந்த குழாய்களும், இரண்டையும் அறிந்த குழாய்களும் ஒன்றுக்கொன்று ஒரு சாண் தூரத்தில் ஓடக்கூடும். நமக்கு வேண்டியது மூன்றாம் வகை.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்காட்டாக 2002 முதல் 2006 வரை விற்பனையான மினி கூப்பர் எஸ் ஆர்53 காரை எடுத்துக்கொள்கிறேன். பிஎம்டபிள்யூவும் கிறைஸ்லரும் கூட்டாகப் பிரேசிலில் நிறுவிய ட்ரைடெக் ஆலையில் தயாரான 1.6 லிட்டர் எஞ்சினும், ஈட்டன் நிறுவனத்தின் எம்45 ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரும் இதில் உள்ளன. காற்றின் பாதை சுருக்கமாக இருப்பதாலும், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடான த்ராட்டில் இருக்கும் இடம் பலரையும் ஏமாற்றுவதாலும், கற்றுக்கொள்வதற்கு இது நல்ல எஞ்சின். இதில் பிடிபடும் முறை வேறு எந்தக் காருக்கும் பொருந்தும்.

முள் எதைக் காட்டுகிறது

சாதாரண பூஸ்ட் கேஜ் காட்டுவது முழு அழுத்தத்தை அல்ல. வெளியே உள்ள வளிமண்டலத்துக்கும் குழாயின் உள்ளே உள்ள காற்றுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே. எஞ்சின் நின்றிருக்கும்போது உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதால் முள் பூஜ்யத்தில் நிற்கும். கடல் மட்டத்தில் அந்தப் பூஜ்யத்தின் பொருள் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல், அதாவது 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பூஜ்யத்துக்குக் கீழே உள்ள பகுதியை வெற்றிடமாக, பெரும்பாலும் அங்குலப் பாதரச அளவிலும், மேலே உள்ள பகுதியைப் பூஸ்டாக, பிஎஸ்ஐ அல்லது பார் அளவிலும் அச்சிட்டிருப்பார்கள். ஒரே முகத்தில் இரண்டு அளவுகோல்கள் இருப்பதால் புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஒரு அங்குலப் பாதரசம் ஏறத்தாழ 3.4 கிலோபாஸ்கல், ஒரு பிஎஸ்ஐ ஏறத்தாழ 6.9 கிலோபாஸ்கல். ஆகவே வெற்றிடப் பக்கத்தில் 18 என்று நிற்கும் முள்ளும் பூஸ்ட் பக்கத்தில் 9 என்று நிற்கும் முள்ளும் பூஜ்யத்திலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு விலகி நிற்கின்றன.

எஞ்சினின் உள்ளிழுப்பு வால்வுகளுக்கு முன்னால், அவை உண்மையில் எந்த அழுத்தத்தில் காற்றைப் பெறுகின்றன என்பதே நாம் அறிய விரும்பும் செய்தி. ஆகவே அளக்க வேண்டிய இடம் இன்டேக் மேனிஃபோல்டு. அதாவது த்ராட்டிலையும் சூப்பர்சார்ஜரையும், அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் கடந்த பிறகு, வால்வுகளை அடைவதற்கு முன் காற்று தங்கும் அறை. இந்த ஒரு வரி விதி எல்லா எஞ்சின்களுக்கும் பொருந்தும். ஆனால் அந்த இடத்துக்கு வழிகாட்டும் அடையாளங்கள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

முதலில் காற்றின் பாதையை வரைந்து பாருங்கள்

ஸ்பேனரைத் தொடுமுன் ஒரு தாளை எடுத்து, காற்று உள்ளே நுழையும் இடத்திலிருந்து சிலிண்டர் வரை செல்லும் பாதையை வரிசையாக எழுதுங்கள். ஆர்53 எஞ்சினில் அது இப்படி வரும்: காற்று வடிகட்டிப் பெட்டி, த்ராட்டில், சூப்பர்சார்ஜரின் நுழைவாய், சூப்பர்சார்ஜர், எஞ்சின் மேல் படுத்திருக்கும் இன்டர்கூலர், இன்டேக் மேனிஃபோல்டு, வால்வுகள். பானட்டில் உள்ள காற்றுத் துளை நேராக அந்த இன்டர்கூலரின் மேல்தான் காற்றை இறக்குகிறது. சூப்பர்சார்ஜரோ எஞ்சினின் முன்பக்கம், ரேடியேட்டரை நோக்கி, கீழே அமர்ந்திருக்கிறது.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது த்ராட்டிலின் இடம். அது சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கிறது. இதனால் த்ராட்டிலுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் இடையிலான பகுதி ஒருபோதும் பூஸ்டைக் காணாது. ஐடிலில், அதாவது மிதியைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அங்கே ஆழ்ந்த வெற்றிடம் இருக்கும், த்ராட்டிலை முழுவதும் திறந்தால் வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும், அவ்வளவுதான். சூப்பர்சார்ஜர் அங்கிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்கிறது, அங்கே அழுத்திச் சேர்ப்பதில்லை. இப்பகுதியிலிருந்து குழாய் எடுத்தவர் எவ்வளவு விரட்டி ஓட்டினாலும் முள் பூஜ்யத்தைத் தாண்டாது. நானும் முதல் முறை இப்படித்தான் இணைத்துவிட்டு, பூஸ்ட் தேவைப்படாதபோது காற்றைச் சூப்பர்சார்ஜரின் நுழைவாய்க்கே திருப்பும் பைபாஸ் வால்வு கெட்டுவிட்டதென்று இரண்டு நாள் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். வால்வில் ஒரு குறையும் இல்லை. குழாய்தான் தவறான பக்கத்தில் இருந்தது.

அடுத்தது சூப்பர்சார்ஜருக்கும் இன்டர்கூலருக்கும் இடைப்பட்ட பகுதி. இங்கே பூஸ்ட் உண்டு. ஆனால் இன்டர்கூலரின் தடையைக் காற்று இன்னும் கடக்கவில்லை என்பதால், முழு வேகத்தில் இங்கே காணும் அளவு மேனிஃபோல்டில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும். அழுக்கடைந்த இன்டர்கூலர் என்றால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். சூப்பர்சார்ஜர் எவ்வளவு உழைக்கிறது என்பதை அறிய இந்த இடம் உதவும். எஞ்சினுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதை அறிய உதவாது.

மூன்றாவது, இன்டர்கூலருக்குப் பின்னுள்ள மேனிஃபோல்டு. த்ராட்டில் வெகுதூரம் முன்னால் இருப்பதால் இங்கே ஐடிலில் வெற்றிடம் இருக்காதோ என்று சிலர் ஐயப்படுவார்கள். இருக்கும். த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும்போது அதற்குப் பின்னுள்ள முழுப் பாதையும் காற்றுக்குத் தவிக்கிறது. அதோடு பைபாஸ் வால்வு திறந்து சூப்பர்சார்ஜரின் வெளிப்பக்கத்தை அதன் நுழைவுப் பக்கத்தோடு இணைத்துவிடுவதால், சூப்பர்சார்ஜர் வீணாக அழுத்தத்தை உருவாக்காமல் காற்றைச் சுழலவிடுகிறது. மிதியை அழுத்தியதும் நுழைவுப் பக்க வெற்றிடம் குறைந்து, வால்வு மூடி, பூஸ்ட் பிறக்கிறது. ஆகவே மேனிஃபோல்டில் இணைத்த கேஜ் இரண்டு பக்கமும் பேசும்: ஐடிலில் வெற்றிடம், அழுத்தி ஓட்டும்போது பூஸ்ட்.

த்ராட்டில் பின்னால் இருக்கும் எஞ்சின்கள்

எல்லாச் சூப்பர்சார்ஜர் எஞ்சின்களும் ஆர்53 போல அமைந்தவை அல்ல. வோர்டெக், ப்ரோசார்ஜர் போன்ற மையவிலக்கு வகை சூப்பர்சார்ஜர்களைப் பின்னாளில் பொருத்திய கார்களில் பெரும்பாலும் த்ராட்டில் தன் பழைய இடத்திலேயே, மேனிஃபோல்டின் வாயில் நிற்கும். சூப்பர்சார்ஜர் அதற்கு முன்னால் காற்றை ஊதித் தள்ளும். இங்கே ஏமாற்றும் பகுதி வேறு. சூப்பர்சார்ஜருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலான குழாயில் பூஸ்ட் இருக்கும், ஆனால் வெற்றிடம் இருக்காது. அங்கே கேஜ் இணைத்தால், மிதியிலிருந்து திடீரென்று காலை எடுக்கும் நொடியில், மூடிய த்ராட்டிலில் காற்று முட்டி நிற்பதால், எஞ்சின் காற்றே வாங்காத நேரத்தில் முள் மேலே குதிக்கும். அதைப் பார்த்துத் திடுக்கிட்டு எஞ்சினைக் கழற்றியவர்களும் உண்டு. இவ்வகை எஞ்சினிலும் விடை மேனிஃபோல்டுதான், அதாவது த்ராட்டிலுக்குப் பின்பக்கம்.

எனவே உங்கள் தாளில் த்ராட்டில் எங்கே வருகிறது என்று வட்டமிட்டுவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

எஞ்சின் அறையில் குழாய்களை இனம் காணுதல்

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடிகளை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு மெல்லிய குழாயையும் அதன் இரு முனைகள் வரை விரலால் தொடர்ந்து செல்லுங்கள். ஒரு முனையை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள் ஓடி வேறிடத்தில் வெளிவரும் குழாய்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எண் இட்டு, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதிவைத்தால், பின்னால் மீண்டும் தேடவேண்டியதில்லை. பொதுவாக எதிர்ப்படும் குழாய்கள் இவை. ஒவ்வொன்றையும் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தடித்த குழாய் ஒன்று, வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் மிதிக்கு வலுச் சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்குச் செல்லும். அதை விட்டுவிடுங்கள். அதில் ஒருவழி வால்வு இருப்பதால் பூஸ்டர் பக்கத்தில் இணைத்த கேஜ் பழைய வெற்றிடத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். த்ராட்டில் முன்னால் உள்ள எஞ்சின்களில் அதை வெற்றிடம் மட்டுமே காணும் பகுதியிலிருந்து எடுப்பது வழக்கம் என்பதால் பூஸ்டுக்கு அது உதவவும் செய்யாது. இவற்றையெல்லாம் விட முக்கியமான காரணம், அதில் நீங்கள் போடும் டி-இணைப்பு என்றாவது கழன்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும். கேஜுக்காகப் பிரேக்கில் கைவைப்பது ஒருபோதும் சரியல்ல.

பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குக் கொண்டுவரும் குழாயும், கிராங்க் அறையின் புகையை உள்ளிழுக்கும் குழாயும் அடுத்தவை. முதலாவதில் மின்சாரத்தால் இயங்கும் வால்வு துடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் எண்ணெய் வரும். இரண்டும் பொருந்தா.

பைபாஸ் வால்வை இயக்கும் குழாய் பலருக்கும் கவர்ச்சியானது, ஏனெனில் அது எளிதில் எட்டும். ஆனால் அதை இயக்குவது நுழைவுப் பக்கத்து வெற்றிடம் என்றால் அது பூஸ்டைக் காட்டாது. இரு வாய்களுள்ள அமைப்பு என்றால் எந்த வாய் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தொடுவது ஆபத்து. அந்தச் சிறு குழாயில் கூடுதலாக ஒன்றரை மீட்டர் குழாயைச் சேர்த்தால் வால்வின் வினை மந்தமாகவும் கூடும். கேஜ் அளக்கப்போகும் பூஸ்டையே கேஜின் குழாய் கெடுப்பதாக முடியும்.

எரிபொருள் அழுத்தச் சீராக்கிக்குச் செல்லும் குழாய் பழைய எஞ்சின்களில் பொற்கிண்ணம் போன்றது. இன்ஜெக்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு மாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காக, அந்தச் சீராக்கி மேனிஃபோல்டு அழுத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அந்தக் குழாய் வெற்றிடத்தையும் பூஸ்டையும் அப்படியே கொண்டுவருகிறது. எரிபொருள் தண்டுக்குப் பக்கத்தில் வட்டமான சிறு உலோகப் பெட்டியும் அதன் தலையில் ஒரு மெல்லிய குழாயும் இருந்தால் தேடல் பெரும்பாலும் முடிந்தது. ஆர்53 போன்ற, திரும்பும் எரிபொருள் குழாய் இல்லாத கார்களில் சீராக்கி டேங்கிலேயே இருப்பதால் இந்த வசதி கிடைக்காது. சீராக்கிக் குழாயில் இணைப்பு போடும்போதும் ஒன்றை மறக்கக்கூடாது. அது கழன்றால் பூஸ்டில் எரிபொருள் அழுத்தம் உயராமல் கலவை மெலிந்து, எஞ்சின் தட்டத் தொடங்கும். கவ்விகள் இல்லாமல் விடுவதற்கு அது இடமல்ல.

கடைசியாக, மேனிஃபோல்டு அழுத்த உணரி. சில எஞ்சின்களில் அது ஒரு குழாயின் நுனியில் தொங்கும். அந்தக் குழாய் சரியான அழுத்தத்தைத்தான் சுமக்கிறது. ஆனாலும் கேஜ் குழாயில் கசிவு வந்தால் கணினிக்குப் பொய்யான செய்தி போகும் என்பதால் அதில் டி போடுவதை நான் தவிர்ப்பேன். ஆர்53 எஞ்சினில் இரண்டு அழுத்த உணரிகள் உள்ளன: ஒன்று த்ராட்டிலுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் இடையிலும், வெப்பநிலையையும் சேர்த்து அளக்கும் மற்றொன்று மேனிஃபோல்டிலும் இருக்கின்றன. இரண்டாவது உணரி எங்கே திருகப்பட்டிருக்கிறதோ, அந்த அறைதான் நமக்கு வேண்டிய அறை. உற்பத்தியாளரே பூஸ்டை அளக்கத் தேர்ந்த இடத்தைக் காட்டிலும் நல்ல வழிகாட்டி வேறென்ன வேண்டும்? அந்த உணரியின் பக்கத்தில், மேனிஃபோல்டின் உடலில், ரப்பர் மூடி போட்ட பயன்படாத வாய் ஏதேனும் இருக்கிறதா என்று சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து முதலில் தேடுங்கள். மூடி போட்ட வாய் கிடைத்தால் எதையும் வெட்டவேண்டியதில்லை.

தேர்ந்த இடத்தைச் சோதித்தல்

ஊகத்தின் பேரில் டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டாம். நிரந்தரமாக எதையும் பொருத்துமுன், இரண்டு மீட்டர் தற்காலிகக் குழாயை அந்த இடத்தில் செருகி, கவ்வியிட்டு, கேஜைக் கையில் வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும்.

குழாயில் ஒருவழி வால்வு மறைந்திருக்கிறதா என்பதை எஞ்சின் நின்றிருக்கும்போதே அறியலாம்: குழாயைக் கழற்றி இரு முனையிலிருந்தும் மாறிமாறி ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று போய் மறுபக்கம் போகவில்லை என்றால் அந்தக் குழாயைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். எண்ணெய் நாற்றமோ பெட்ரோல் நாற்றமோ வரும் குழாயில் வாய் வைக்க வேண்டாம். அதற்கு ஒரு கைப்பம்பு போதும்.

பிறகு எஞ்சினை இயக்கி, சூடாகும்வரை பொறுத்து, ஐடிலில் முள்ளைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் எஞ்சின் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரச வெற்றிடத்தைக் காட்டுவது வழக்கம். ஏசி ஓடினாலோ எஞ்சின் சூடாகாவிட்டாலோ குறையும். முள் பூஜ்யத்திலேயே நின்றால், ஒன்று த்ராட்டிலுக்கு முன்பக்கம் இணைத்திருக்கிறீர்கள், அல்லது குழாய் அடைபட்டிருக்கிறது.

ஐடிலில் வெற்றிடம் வந்ததும் பலர் மகிழ்ந்து நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிச் சோதனை மட்டுமே. மேலே சொன்ன த்ராட்டில்–சூப்பர்சார்ஜர் இடைப்பகுதியும் ஐடிலில் அதே வெற்றிடத்தைக் காட்டும். வேறுபாடு சுமையின்கீழ்தான் தெரியும். நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கினாலும் தெரியாது, ஏனெனில் சுமை இல்லாதபோது த்ராட்டில் முழுவதும் திறக்கும் தேவையே வராது. ஆகவே போக்குவரத்து இல்லாத, நேரான சாலையில், கேஜைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்றிலிருந்து மிதியை முழுவதும் அழுத்த வேண்டும். சாலையைப் பார்ப்பது ஓட்டுபவரின் வேலை, முள்ளைப் பார்ப்பது மற்றவரின் வேலை. மாற்றங்கள் எதுவும் செய்யாத ஆர்53 உயர் சுற்றுகளில் ஏறத்தாழ 0.8 பார், அதாவது 11 அல்லது 12 பிஎஸ்ஐ வரை காட்டும். முள் பூஜ்யத்தைத் தாண்டி உடனே ஏறினால் இடம் சரி. பூஜ்யத்தில் வந்து முட்டி நின்றால் சூப்பர்சார்ஜரின் முன்பக்கத்தில் இருக்கிறீர்கள். தாண்டியும் மெதுவாக ஊர்ந்து ஏறினால் வழியில் எங்கோ நசுங்கியோ அடைபட்டோ இருக்கிறது; சூப்பர்சார்ஜர் எஞ்சினின் சுழற்சியோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டது, டர்போவைப் போல அதற்குச் சுழன்று எழும் நேரம் தேவையில்லை.

தற்காலிகக் குழாயைக் கதவு இடுக்கிலோ பானட் விளிம்பிலோ நசுங்கவிட்டால் இந்தச் சோதனையே பொய்த்துவிடும். ஜன்னல் வழியாகக் கொண்டுவருவது அழகாக இல்லாவிட்டாலும் நம்பகமானது.

ஆயத்த வாய் இல்லையென்றால்

தேடியும் பொருத்தமான வாய் கிடைக்கவில்லை என்றால் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. எளியது, மேனிஃபோல்டு உணரிக்கு அடியில் வைக்கும் இடைத்தகடு. பல கார்களுக்கு இப்படிப்பட்ட துண்டு விற்பனைக்குக் கிடைக்கிறது. உணரியைக் கழற்றி, தகட்டை வைத்து, சற்று நீளமான திருகால் மீண்டும் பூட்டினால் தகட்டின் பக்கவாட்டில் ஒரு வாய் கிடைத்துவிடும். உணரியின் ஓ-வளையம் சரியாக அமர்ந்ததா என்பதை மட்டும் இருமுறை பாருங்கள்.

மற்றது, துளையிட்டு மரை வெட்டுவது. கேஜ் இணைப்புகள் பெரும்பாலும் 1/8 அங்குல என்பிடி மரை கொண்டவை. அதற்கு ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர் துளை போதும். என்பிடி கூம்பு வடிவ மரை என்பதால், வெட்டும் கருவியை அடிவரை இறக்கினால் இணைப்பு தளர்ந்துவிடும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை எடுத்து, இணைப்பைத் திருகிப் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். இந்த வேலையை எஞ்சினில் பொருத்தியிருக்கும் மேனிஃபோல்டில் செய்யவே கூடாது. கிரீஸ் தடவினால் உலோகத்தூள் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். பெரும்பகுதி ஒட்டும், மிச்சம் சிலிண்டருக்குள் போகும். கழற்றக்கூடிய பகுதியைக் கழற்றி, வெளியே வைத்துத் துளையிட்டு, கழுவித் துடைத்து மாட்டுவதே முறை. ஆர்53 எஞ்சினில் இன்டர்கூலரை எடுத்துவிட்டால், அதற்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலான குழாய்ப்பகுதியும் கைக்கு வரும். இன்டர்கூலருக்குப் பின்னால் இருப்பதால் அதில் எடுக்கும் அளவு மேனிஃபோல்டு அளவிலிருந்து பெரிதாக மாறாது.

துளையை எங்கே இடுவது என்பதிலும் யோசனை வேண்டும். ஒரே சிலிண்டருக்குச் செல்லும் கிளைக்குழாயில் இட்டால் அந்தச் சிலிண்டரின் வால்வு திறந்து மூடும் துடிப்பை முள் நடுங்கிக் காட்டும். எல்லாக் கிளைகளும் பிரியும் பொது அறையில் இட வேண்டும். அடிப்பக்கத்தில் இட்டால் எண்ணெய்ப் படலமும் ஈரமும் குழாயில் இறங்கும். மேற்பக்கமோ பக்கவாட்டின் மேற்பாதியோ நல்லது. காற்றோட்டத்துக்குச் செங்குத்தாக, உட்சுவரோடு சமமாக இணைப்பு முடியவேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டு ஓட்டத்தை எதிர்கொண்டு நிற்கும் குழாய், காற்றின் வேகத்தையும் அழுத்தமாகச் சேர்த்துக் காட்டும். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் வரும் அழுத்தப்பட்ட காற்றில் இந்தப் பிழை அரை பிஎஸ்ஐ அளவுக்குப் போகலாம்.

குழாயை உள்ளே கொண்டுவருதல்

இயந்திரக் கேஜ் என்றால் குழாயே கேபினுக்குள் வரவேண்டும். மின் கேஜ் என்றால் உணரியை எஞ்சின் அறையில் வைத்து, கம்பியை மட்டும் உள்ளே எடுக்கலாம். நான் இரண்டாவதை விரும்புகிறேன். காற்றுக்குழாய் குட்டையாக இருப்பதால் முள்ளும் உடனுக்குடன் பேசும், கசிவுக்கும் இடம் குறைவு. உணரியை இணைப்பு வாய்க்கு மேலான உயரத்தில், எஞ்சின் உடலில் அல்லாமல் காரின் உடலில் பூட்டி, குழாய் வாயை நோக்கிச் சரிந்து இறங்குமாறு அமையுங்கள்; சேரும் எண்ணெயும் ஈரமும் தானாகத் திரும்பி வடியும்.

குழாய்க்கு நான்கு மில்லிமீட்டர் உட்துளையுள்ள, சுவர் தடித்த சிலிகான் குழாய் ஏற்றது. மெல்லிய சுவருள்ள மீன்தொட்டிக் குழாய் வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் தொய்ந்துவிடும். வெளியேற்றக் குழாய்ப் பக்கமும், சூப்பர்சார்ஜர் பெல்ட்டின் பாதையும், ரேடியேட்டர் விசிறியும் விலக்கப்பட்ட பகுதிகள். தடுப்புச் சுவரில் ஏற்கெனவே கம்பிகள் போகும் ரப்பர் வளையம் இருந்தால் அதன் வழியாகவே நுழையுங்கள். புதிய துளையிட்டால் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லாமல் விடக்கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் கவ்வி வேண்டும். வெற்றிடம் குழாயை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பூஸ்ட் தள்ளிவிடும். வெற்றிடம் மட்டும் அறிந்த எஞ்சின்களில் பழகியவர்கள் கவ்வியை விட்டுவிடுவது இதனால்தான். ஐடிலில் முள் நடுங்கினால், குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள சிறு தடுப்பானைச் செருகலாம்; பல கேஜ்களோடு அது சேர்ந்தே வரும்.

அளவைச் சரிபார்த்தல்

பொருத்தி முடித்ததும் எஞ்சினை இயக்கி, சோப்பு நீரை நம்பாமல், ஐடில் ஒலியைக் கவனியுங்கள். ஐடிலில் இணைப்பு வெற்றிடத்தில் இருப்பதால் சோப்புக் குமிழ் வெளிவராது, உள்ளே இழுக்கப்படும். சீறல் ஒலி இருந்தாலோ ஐடில் முன்னைவிட ஏறியிருந்தாலோ கசிவு இருக்கிறது.

அடுத்து, கணினியின் அளவோடு ஒப்பிடலாம். காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓபிடி கருவியில் மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் படிக்க முடியும். அது முழு அழுத்தம் என்பதால் வளிமண்டல அழுத்தத்தைக் கழித்தே கேஜோடு ஒப்பிட வேண்டும். எஞ்சின் நின்று சாவி மட்டும் திருப்பிய நிலையில் கருவி காட்டும் எண்ணே அன்றைய, அந்த இடத்தின் வளிமண்டல அழுத்தம். எடுத்துக்காட்டாக அது 100 என்றும், முழு மிதியில் 180 என்றும் வந்தால், பூஸ்ட் 80 கிலோபாஸ்கல், கேஜ் 11.6 பிஎஸ்ஐ அருகே நிற்க வேண்டும். ஆர்53 போல இரண்டு உணரிகள் உள்ள எஞ்சினில், கருவி காட்டுவது எந்த உணரியின் அளவு என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். முழு மிதியிலும் 100-ஐத் தாண்டாத எண், த்ராட்டில் பக்கத்து உணரியினுடையது.

மலைப்பகுதியில் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: 2,000 மீட்டர் உயரத்தில் வளிமண்டலமே ஏறத்தாழ 80 கிலோபாஸ்கல்தான். சூப்பர்சார்ஜர் உள்ளே வரும் காற்றை ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் பெருக்குகிறது என்பதால் கேஜில் காணும் பூஸ்டும் அங்கே குறையும். அதைக் கோளாறென்று எண்ண வேண்டாம்.

முள்ளைப் படிக்கப் பழகுதல்

பூஸ்ட் என்பது எஞ்சின் விழுங்க முடியாமல் மிஞ்சிய காற்றின் அழுத்தம். எம்45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.74 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது. ஆர்53 காரில் அது கிராங்கைவிட (எஞ்சினின் முதன்மைத் தண்டைவிட) ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சுழல்கிறது. 1.6 லிட்டர் எஞ்சின் கிராங்கின் ஒரு சுற்றுக்கு விழுங்குவது 0.8 லிட்டர்; அதற்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் திணிக்கப்படுகிறது. இந்த விகிதத்திலிருந்துதான் அந்த 0.8 பார் பிறக்கிறது. சிறிய புல்லி போட்டால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழன்று பூஸ்ட் ஏறும். ஆனால் நல்ல சிலிண்டர் தலையோ தடையற்ற வெளியேற்றக் குழாயோ போட்டால், எஞ்சின் கூடுதலாக விழுங்குவதால், சக்தி கூடிய பிறகும் முள் சற்று இறங்கும். இறங்கிய முள்ளைக் கண்டு வருந்தியவர்கள் பலர்.

கோளாறுகளும் தனித்தனி முகத்தோடு வரும். நடுச் சுற்றுகளில் சரியாக ஏறி, உயர் சுற்றுகளில் தளர்ந்து விழும் பூஸ்ட் பெரும்பாலும் பெல்ட் வழுக்குவதன் அடையாளம். பெல்ட்டின் இழுவிசையையும் விலாப் பள்ளங்களின் தேய்மானத்தையும் பாருங்கள். எல்லாச் சுற்றுகளிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் பைபாஸ் வால்வு முழுவதும் மூடாமலோ, இன்டர்கூலரின் இரு பக்க ரப்பர் உறைகளில் ஒன்று நகர்ந்தோ இருக்கலாம். ஆர்53 இன்டர்கூலரைக் கழற்றி மாட்டியவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அந்த உறைகளின் கவ்விகளைத்தான். வெற்றிடமும் குறைந்து பூஸ்டும் குறைந்தால் கசிவு மேனிஃபோல்டு பக்கம். வெற்றிடம் சரியாக இருந்து பூஸ்ட் மட்டும் குறைந்தால், இன்னொரு கேஜைத் தற்காலிகமாக இன்டர்கூலருக்கு முன்னால் இணைத்து, முழு மிதியில் இரு அளவுகளையும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். வேறுபாடு ஒன்றிரண்டு பிஎஸ்ஐக்குள் இருந்தால் இன்டர்கூலரை விட்டுவிட்டுப் பெல்ட்டுக்கும் வால்வுக்கும் செல்லலாம். அதற்கு மேல் என்றால் இன்டர்கூலரைக் கழற்றி, உள்ளே படிந்த எண்ணெயைக் கழுவி, காயவைத்து மாட்டிய பிறகு அதே சாலையில், அதே கியரில் மீண்டும் அளக்க வேண்டும்.